கோலிக்குண்டின் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து ஒரு டின் கோலிக்குண்டு இறங்கினால், எல்லோரும் முதலில் செய்வது நிறம் பிரிப்பது. நீலம் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். அப்புறம் செல்போனில் அதே நிறக் குண்டைத் தேடுவது. அங்கே யாரோ ஆயிரம் டாலர் விலை போட்டிருப்பார். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. விலை போட யாராலும் முடியும், என்ன விலைக்கு விற்றுப்போனது என்றுதான் பார்க்க வேண்டும். அது இருக்கட்டும். நிறத்தில் ஆரம்பித்ததே கோளாறு.

பழைய நிறத்தை இன்றைக்கும் கண்ணாடியில் கொண்டுவரலாம். குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதை மாற்றுவதுதான் கடினம். ஜெர்மனியின் லாவ்ஷா ஊரில் 1846 வாக்கில் குண்டு வெட்டும் கத்தரி வந்த பிறகுதான் கண்ணாடிக் குண்டுகள் பெருமளவில் வெளிவந்தன. நிற இழைகளை உள்ளே வைத்து முறுக்கிய கண்ணாடிக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி உருட்டுவார்கள். வெட்டிய தடம் பெரும்பாலும் எதிரெதிரே இரண்டு முனையிலும் சொரசொரப்பாக நிற்கும். இதைத்தான் சேகரிப்பவர்கள் பான்டில் என்கிறார்கள். ஆகவே, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மன்றோ துரை தருமபுரியில் இருந்த காலத்துக் குண்டு என்று யாராவது முறுக்கு இழைக் குண்டை நீட்டினால் சிரித்துக்கொண்டே வாங்கிப் பாருங்கள். மன்றோ 1827-லேயே இறந்துவிட்டார்.

பான்டில் இருந்தால் கைவேலை. பழையது என்று அர்த்தமில்லை. இன்றைய கண்ணாடிக் கலைஞர்கள் செய்யும் குண்டிலும் அதே தடம் இருக்கும். பழைய குண்டில் பான்டிலைச் சுற்றிய பரப்பும் தேய்ந்து, சின்னச் சின்ன ஆட்டத் தழும்புகளோடு இருக்கும். பான்டில் மட்டும் கூர்மையாகப் புத்தம் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இயந்திரக் குண்டு அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் எம்.எஃப். கிறிஸ்டென்சன் 1905-ல் பெற்ற காப்புரிமையோடு தொடங்குகிறது. அதே ஊரில் தோன்றி, 1914-ல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்குக்குப் போன ஏக்ரோ அகேட் ஆலையின் குண்டுகளை அடையாளம் காண நல்ல வழி, நிறப்பட்டை ஓடும் விதம். கார்க்ஸ்க்ரூ வகையில் பட்டை ஒரு முனையில் தொடங்கி, குண்டைச் சுற்றிச் சுழன்று, மறுமுனையில் முடியும். அந்த ஓட்டம் இல்லாமல் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்திருப்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது.

நம் டின்களில் கிடைப்பதில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, தெளிந்த கண்ணாடிக்குள் இதழ் விரித்த நிறம் உள்ள பூனைக்கண். ஜப்பான் 1950-களில் உலகம் முழுக்க அனுப்பியது; இன்றைக்கும் பல நாடுகளில் செய்கிறார்கள். இன்னொன்று, உள்ளே எதுவும் இல்லாத இளம்பச்சை சோடா குண்டு. ஆங்கிலேயரான ஹிராம் காட் கண்டுபிடித்த சோடா பாட்டிலின் கழுத்தில், வாயு அழுத்தத்தால் ரப்பர் வளையத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் அதே குண்டுதான். பாட்டிலை உடைத்து எடுத்த ஞாபகம் பலருக்கும் இருக்கும். ஞாபகத்துக்கு மதிப்பு உண்டு, சந்தையில் கிடையாது. ஏமாற்றத்தை இங்கேயே முடித்துவிடுவது நல்லது.

சரி, நிறத்துக்கு வருவோம். மஞ்சள் பல்பின் கீழ் வெள்ளைக் கண்ணாடி பாலாடை நிறமாகத் தெரியும். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து ஒருமுறை பாருங்கள். பிறகு டார்ச்சுக்கு நேராகப் பிடியுங்கள். கறுப்பு என்று நினைத்தது கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ மாறும். சேகரிப்பவர்கள் ஆக்ஸ்பிளட் என்று சொல்வது ஒளி புகாத, கரிய கீற்றுகள் கலந்த அடர்சிவப்பு. வெளிச்சம் ஊடுருவும் சிவப்பை அந்தப் பெயரில் விற்பது இணையத்தில் தினமும் நடக்கிறது.

ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா டார்ச்சில் பச்சையாக மின்னினால் யுரேனியம், யுரேனியம் என்றால் பழையது என்பது அடுத்த நம்பிக்கை. மாங்கனீசு கலந்த கண்ணாடியும் மங்கலாகப் பச்சை காட்டும். யுரேனியக் கண்ணாடியோ இன்றும் தயாராகிறது.

நிலைமையைப் பார்ப்பதில்தான் காசு போகிறது. மண் அப்பியிருப்பதை வயசு என்று எடுத்துக்கொள்வார்கள், அல்லது உடனே துணியால் தேய்ப்பார்கள். நம் செம்மண்ணில் வெங்கச்சங்கல் துகள் நிறைய. அது கண்ணாடியைவிடக் கடினம். உலர்ந்த மண்ணோடு தேய்த்தால் கீறல் விழும். சாம்பலும் தேங்காய் நாரும் பாத்திரத்துக்குத்தான். சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, மண் தானாக இறங்கட்டும். கொதிநீர் மட்டும் வேண்டாம், திடீர்ச் சூட்டில் விரிசல் விடும்.

கழுவிய பின், விளக்கின் கீழ் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பிறை வடிவில் பளிச்சென்று தெரிந்தால், இன்னொரு குண்டு மோதிய அடி. நகத்தில் தட்டுப்பட்டால் சில்லு பெயர்ந்திருக்கிறது. காற்றுக்குமிழியும், குளிரும்போது விழுந்த மடிப்புக்கோடும் அப்படியில்லை, அவை ஆலையிலேயே வந்தவை. இவற்றைச் சேதம் என்று நினைத்து நல்ல குண்டைப் பேரனுக்கு விளையாடக் கொடுத்துவிடுகிறார்கள். பிறை விழுந்ததை மின்ட், அதாவது அடிபடாத புதுசு என்று எழுதி விற்கப் பார்க்கிறார்கள்.

இந்த மாவட்டங்களுக்கென்றே ஒரு ஆபத்து உண்டு: கிரானைட் பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது. கல்லையே கண்ணாடி போல மினுக்குகிறவர்களுக்கு ஒரு குண்டைப் பளபளப்பாக்குவதா கஷ்டம்? ஆனால் பாலிஷ் போட்டால் பான்டிலும், கண்ணாடி மடங்கிச் சேர்ந்த தையல்கோடும் மேற்பரப்போடு சேர்ந்து போய்விடும், குண்டும் கொஞ்சம் சிறுத்துவிடும். தழும்புள்ள அசல் மேற்பரப்பைக் கேட்டு வாங்குபவர் பாலிஷ் போட்டதைப் பெரும்பாலும் தொடமாட்டார். வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள். பழைய கைவேலைக் குண்டில் எங்கு பார்த்தாலும் ஒரே சீரான மினுக்கம், முனைகளிலும் தடமில்லை என்றால் யாரோ முந்திக்கொண்டார்கள்.

பிரித்த பிறகு மறுபடி அதே டின்னில் கொட்டாதீர்கள். முட்டை அட்டையில் ஒவ்வொன்றாக வைத்தால் போதும். ஒசூர் தாண்டிப் பெங்களூரு வரை கொண்டுபோய்க் காட்டுவதற்கு முன், காலிப்பரில் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, இரண்டு முனையையும் பக்கவாட்டையும் தனித்தனியாகப் படமெடுத்து வாங்குபவருக்கு அனுப்புங்கள். ஈரம் துடைத்துவிட்டு எடுங்கள், ஈரக் கண்ணாடி கீறலை மறைக்கும். வாங்குபவருக்கும் அது தெரியும்.