அரை உப்புத்தண்ணி எறால் வளக்கறீங்களா, பாதி வேலை கம்முனு விடறதுதானுங்க

எடுத்தவொடனே ஒண்ணு சொல்லிர்றனுங்க. கடையில செவப்பு எறால்னு கேட்டா பெரும்பாலும் செர்ரி எறாலத்தான் எடுத்துக் குடுப்பாங்க, அது நல்லதண்ணியில வளர்றது, நான் சொல்லப்போறது அது இல்லை. இது ஓபே ஊலா, ஹவாய்த் தீவுக்காரங்க வெச்ச பேரு, அதுக்கும் செவப்பு எறால்னுதான் அர்த்தம். அங்க கடலோரமா எரிமலைப் பாறைக் குழி நெறைய இருக்கு, அடியில பாறை இடுக்கு வழியா கடல்தண்ணி ஏறி வந்து நெலத்தடி நல்லதண்ணியோட கலந்து நிக்கும், அந்தத் தண்ணிதான் இதுக்கு வீடு. வளந்து முடிஞ்சாலும் ஒரு சென்டிமீட்டருக்கு ரவையூண்டு மேல இருக்கும், அவ்வளவுதான். ஆனா 10 வருசம் தாண்டியும் வாழும், 20 வருசம் வெச்சிருந்தவங்களும் இருக்காங்க, அதனால இதை ஒரு நாய்க்குட்டி எடுத்து வளக்கற மாதிரி நெனச்சு ஆரம்பிங்க.

10 லிட்டர் கண்ணாடித் தொட்டி போதும். பில்டர், ஹீட்டர், ஏர் பம்ப் எதுவும் வேண்டியதில்லை, இது போடற கழிவு ரொம்பக் கம்மி, பாறையில ஒட்டியிருக்கற நுண்ணுயிரே பாத்துக்கும். ஓட்டை ஓட்டையா இருக்கற எரிமலைக் கல்லு கெடைச்சா நல்லது, அடியில பவளத்தூள் மணலு ஒரு விரக்கடை போடுங்க, ஆத்து மணலு வேண்டாம்.

தண்ணி விசயந்தான் முக்கியம். நம்ம பக்கம் போர் தண்ணி ஏற்கனவே உப்பாத்தானே இருக்கு, அதையே ஊத்திரலாமான்னு நெறைய பேரு கேக்கறாங்க. ஆகாதுங்க, அந்த உப்பு வேற, கடல் உப்பு வேற. கல்லுப்பும் வேண்டாம், அதுல பெரும்பகுதி வெறும் சோடியம் குளோரைடுதான், மெக்னீசியம், கால்சியம் எல்லாம் கடல்ல இருக்கற அளவுல இருக்காது. மீன் கடையில மரைன் சால்ட்னு தனியா விக்கும், அதுல 1 லிட்டர் ஆர்ஓ தண்ணிக்கு 16 கிராம், அதாவது 10 லிட்டருக்கு 160 கிராம் கரைச்சு ஒரு நாள் வெச்சிருந்து அளந்து பாருங்க, தண்ணியில உப்பு எவ்வளவு இருக்குன்னு அடர்த்திய வெச்சுக் காட்டற ஹைட்ரோமீட்டர்ல 1.010லேருந்து 1.012க்குள்ள வந்தா சரி. வீட்டு ஆர்ஓ மெஷின் காப்பர் சேர்க்கற வகைன்னா அந்தத் தண்ணிய எடுக்காதீங்க, செப்புக் கொடத்துல புடிச்சு வெச்சதும் வேண்டாம், ஏசியில சொட்டறதும் வேண்டாம். நமக்கு நல்லதுன்னு சொல்ற செம்பு எறாலுக்கு வெசம்.

தண்ணி ஊத்தினதும் எறால விட்றாதீங்க. ஆறு வாரமாச்சும் சும்மா விடுங்க, கல்லு மேல பச்சையும் பழுப்புமா வழவழன்னு ஒரு படலம் படியும், அதுதான் இதுகளோட சோறு. அப்புறம் மெடிக்கல் கடையில டிரிப்ஸ் டியூப் வாங்கி, எறால் வந்த தண்ணியில நம்ம தொட்டித் தண்ணிய ரெண்டு மணி நேரம் சொட்டு சொட்டா எறக்கி அதுக்கப்புறம் விடுங்க. 10, 15 ஒட்டுக்கா இருந்தாத்தான் வெளியில வந்து மேயும். எங்க அம்மிச்சி மொதல் மாசம் பூரா "ஏஞ்சாமி, இதுகளுக்கு எதுவுமே போட மாட்டியா, பாவமில்லையா"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க, எனக்கும் மனசு கேக்காமத்தான் இருந்துச்சு, ஆனா போட்டாத்தான் பாவம், மிச்சம் அழுகித் தண்ணி கெட்டுரும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பல்லுக்குச்சி நுனியில ஸ்பைருலினாங்கற பாசிப் பொடி, படலம் நல்லா இருந்தா அதுவும் வேண்டாம்.

சித்திரை வைகாசியில நான் பண்ணுன தப்ப நீங்க பண்ணிராதீங்க. எங்கூரு பெருந்துறைப் பக்கம், வெயில்ல தண்ணி சடசடன்னு கொறையும், கொறைஞ்சதுக்கெல்லாம் நான் உப்பு கலந்த தண்ணியவே ஊத்திட்டு இருந்தேன். ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தானுங்க, உப்பு உள்ளயேதான் இருக்கும், ரெண்டு மாசத்துல அளவு 1.020 தாண்டிருச்சு. இந்த எறால் நெறைய தாங்கும், அதனால பொழச்சுக்குச்சு, ஆனா எல்லாம் நெறம் வெளுத்து மூலையில கெடந்ததப் பாத்தப்ப ரொம்ப வெசனமாப் போச்சு. கண்ணாடி மேல மார்க்கர்ல கோடு போட்டு வெச்சு, வெறும் ஆர்ஓ தண்ணிய மட்டும் அந்தக் கோடு வரைக்கும் ஊத்துங்க.

சூடு 22லேருந்து 26 டிகிரி நல்லது, 30 தாண்டுனா ஆபத்து. கரூர், ஈரோடு பக்கம் மாடி வீட்டுல வெச்சா அந்தச் சூட்ட அடக்க முடியாது, கீழ் வீட்டுல தரையோட தரையா, வெயில் படாத மூலையில வெய்யுங்க. அகலமான தட்டுல கொஞ்சம் தண்ணி ஊத்தி அதுல தொட்டிய நிறுத்தி, சுத்தி ஈரச் சாக்கக் கட்டி டேபிள் பேன ஓட விட்டா ரெண்டு மூணு டிகிரி எறங்கும். ஐஸ் போடாதீங்க. ஆடிக் காத்து காலத்துல பாலக்காட்டுக் கணவாய்க் காத்து புழுதிய வாரிக் கொட்டும், மேல மெல்லிசு வலை கட்டிருங்க.

அந்த வலை கொசுவுக்கும் வேணும். டெங்கு சீசன்ல தேங்கி நிக்கற தண்ணியில மருந்து ஊத்த ஆள் வருவாங்க, அவங்க வேலை அது, ஆனா அபேட் மருந்து ஒரு சொட்டு விழுந்தாக்கூட மொத்தமும் போயிரும், வலையக் காட்டி முன்னாடியே சொல்லிருங்க. கொசுவத்தி, லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே எதுவும் அந்த ரூம்ல வேண்டாம். தோட்டத்துல மருந்தடிச்சுட்டு வந்த கையோட, தென்னைக்கு மயில்துத்தம் (அதுலயும் செம்புதான்) கரைச்ச கையோட தொட்டிக்குள்ள கைய விடாதீங்க. எறால் பூச்சிக்கு ஒறம்பரை, பூச்சியக் கொல்றது இதையும் கொல்லும்.

மூடி சீல் வெச்ச கண்ணாடி உருண்டைக்குள்ள இந்த எறால விக்கறாங்களே, அத வாங்காதீங்க. உள்ள அது மெல்ல மெல்லப் பட்டினியில கெடக்குது, அவ்வளவுதான்.

கொண்டாந்து விட்ட அன்னிக்கு வெளுத்துத் தெரிஞ்சா பயப்படாதீங்க, ரெண்டு மூணு நாள்ல செவப்பு ஏறும். கண்ணாடி மாதிரி காலியாக் கெடக்கறது செத்த எறால் இல்லை, உரிச்ச சட்டை, எடுக்காதீங்க, அதையும் தின்னுக்கும். நல்லா செட்டாயிருச்சுன்னா ஒரு நாள் ஏதாவது ஒரு எறால் வயித்துக்கடியில செவப்பா முட்டை வெச்சுட்டு கல்லு இடுக்குல பதுங்கும். அந்த நேரத்துல கல்லை நகத்தாதீங்க, லைட்டப் போட்டுப் போட்டுப் பாக்காதீங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆகும், அப்புறம் தூசி மாதிரி குஞ்சுக தண்ணியில தொங்கிட்டு நீந்தும், மஞ்சக்கரு உள்ளயே இருக்கறதால தீனி எதுவும் போட வேண்டாம். இன்னும் ஒரு மாசத்துல கல்லு மேல எறங்கி அம்மாவாட்டமே மேய ஆரம்பிக்கும், அது வரைக்கும் தண்ணி ஊத்தறதக்கூட டம்ளர்ல எடுத்துக் கண்ணாடி ஓரமா மெல்ல விடுங்க.