கோயில் கொடை மேடைக்கும் வீட்டு ரெக்கார்டிங்குக்கும் மைக் வாங்குவதில் நடக்கும் தவறுகள்

குறைந்த பணத்தில் பாட்டுப் பதிவு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது கண்டென்சர் மைக். ‘ஸ்டூடியோ மைக்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதற்கு 48 வோல்ட் பேன்டம் பவர், அதாவது மிக்ஸரிலிருந்து மைக் வயர் வழியாகவே வரும் மின்சாரம், வேண்டும். மலிவான செட்டில் வரும் 3.5 மி.மீ. பின் வயரை செல்போனிலோ லேப்டாப்பிலோ செருகினால் கிடைப்பது சில வோல்ட்தான். குரல் மெலிந்து, பின்னால் இரைச்சல் ஏறிவிடும். பவர் சரியாகக் கிடைத்தாலும், டைல்ஸ் போட்ட அறையின் எதிரொலி, ஃபேன், தெருவில் போகும் பைக் எல்லாம் சேர்ந்தே பதிவாகும். அதே மைக்கை மேடையில் வைத்து வால்யூமை ஏற்றினால் ஊளையிடும்.

ஒரே மைக்தான் வாங்க முடியும் என்றால், பேன்டம் பவர் தேவைப்படாத, கிட்டத்துக் குரலையே அதிகம் பிடிக்கும் டைனமிக் மைக் வாங்குங்கள். வீட்டுக்கும் வில்லுப்பாட்டு மேடைக்கும் அதுவே போதும். ஷூர் எஸ்எம்58 நம்பகமானது, ஆனால் போலிகள் ஏராளம். அசலின் எடை 298 கிராம். பலசரக்குக் கடைத் தராசிலேயே நிறுத்துப் பார்த்துவிடலாம். எடை குறைந்தால் வேண்டாம். எடை சரியாக இருந்தாலும் பில் தருகிற டீலரிடம் வாங்குவதே நல்லது.

டைனமிக் மைக்கை ஒரு அடி தள்ளி வைத்துவிட்டு ‘சத்தமே வரல’ என்று கெயினை (மைக் சிக்னலை ஏற்றும் திருகை) முழுதாகத் திருகுவது அடுத்த தவறு. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் போய்விடும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி போதும். உதட்டோடு ஒட்டினால் அடித்தொனி வீங்கும். உச்சத்தில் பாடும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி கெயினை வையுங்கள். 0-வைத் தொட்டுக் கிழிந்த குரலைப் பிறகு எந்த சாஃப்ட்வேரும் முழுதாக மீட்டுத் தராது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் எதிரொலி அடங்காது. பத்தமடைப் பாய் தொங்கவிட்டாலும் அவ்வளவுதான். ஒலியை விழுங்க அதில் கனம் இல்லை. பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், வித்தியாசம் உடனே கேட்கும்.

மேடை வேறு உலகம். ஆடிக் கொடையில் காற்று மைக்கில் மோதி குமுறும். ஸ்பாஞ்ச் உறை போட்டு, பாட்டு மைக்குகளில் 100 ஹெர்ட்ஸ் அளவில் லோ கட் (அடித்தொனியை வெட்டும் வசதி) போடுங்கள். வில்லுப்பாட்டில் தாளம் தட்டும் குடத்துக்கு வைக்கும் மைக்கில் மட்டும் போடக் கூடாது. போட்டால் குடத்தின் அடி செத்துப்போகும். கூம்புக் குழாயில் குடம் எடுபடாததற்கும் காரணம் இதுதான்: அந்தக் குழாய்க்குக் கீழ்த்தொனியே வராது. குடத்துக்கு 12 அல்லது 15 இஞ்ச் பாக்ஸ் ஸ்பீக்கர் வேண்டும்.

ஆளுக்கொரு மைக் என்று அடுக்குவது வீண். திறந்திருக்கும் மைக்கின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம், ஊளையிடாமல் ஏற்றக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறையும். முதன்மைப் பாடகருக்கு ஒன்று, பின்பாட்டுக்காரர்களுக்குப் பொதுவாக ஒன்று, குடத்துக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று. மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிக்க விடாதீர்கள்; பின்பக்க ஒலியைத் தள்ளும் குணம் போய்விடும். கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் பிடிக்கும்) மைக் என்றால், பாடகர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மைக்குக்கு நேர் பின்னால் இருக்கட்டும்.

‘5000 வாட்ஸ்’ என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்தால் அது அநேகமாகப் பிஎம்பிஓ கணக்கு, அதாவது கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பர எண். தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். வாட்ஸ் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான். 8 ஓம் பாக்ஸ் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம், நான்கு மாட்டினால் 2 ஓம். ஆம்ப்ளிஃபயர் 4 ஓம் வரைதான் தாங்கும் என்றால், 2 ஓமில் மாட்டும்போது கொடை நடுவில் அது சூடேறி நின்றுவிடும், இல்லையென்றால் புகையும்.

மிச்சம் பிடிப்பதாக நினைத்து வயரில் கைவைக்காதீர்கள். ஐந்தாறு மீட்டருக்கு மேல் போகும் மைக் வயர் இருபுறமும் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் கொண்ட பிளக்) உள்ளதாக இருக்கட்டும். சாதா மோனோ பின் வயர் ஜெனரேட்டர், சீரியல் பல்புகளின் இரைச்சலை எல்லாம் இழுத்துக்கொள்ளும். கீபோர்டை டிஐ பாக்ஸ் (அதன் சிக்னலை எக்ஸ்எல்ஆர் வயருக்கு ஏற்ப மாற்றும் சிறு பெட்டி) வழியாகக் கொடுங்கள். ‘ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால், சிலர் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடுகிறார்கள். நனைந்த தரையில் மைக் பிடித்து நிற்பவரின் உயிருக்கே அது ஆபத்து. மிக்ஸர், ஆம்ப், கீபோர்டு மூன்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகுங்கள். அப்படியும் போகாவிட்டால் டிஐ பாக்ஸில், ஆடியோ வயரின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள்.