டோனர் காரைக் கழற்றி முதல் கிட் காரைத் தொடங்குவது எப்படி?

கிட் கார் என்றால் பெட்டி பெட்டியாகப் புதுச் சாமான் வந்து இறங்கும், எடுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் முதல் இரண்டு மாதம் நான் எதையும் பூட்டவே இல்லை, கழற்றிக்கொண்டுதான் இருந்தேன். கோவென்ட்ரியில் எங்கள் வீட்டுக் கராஜில், 1993 மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வைத்து எக்ஸோசெட் என்ற கிட் காரைக் கட்டினேன். டோனர் (பாகங்களுக்காகக் கழற்றும் பழைய கார்) வாங்குவதிலிருந்து பழைய பாடியைத் தூக்கி ஓரமாக வைப்பது வரை இந்தப் பதிவில் எழுதுகிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் பிரிட்டனுக்கு மட்டும்.

1. டோனர் தேடுவது

முதல் கார் என்றால் என் ஓட்டு எம்எக்ஸ்-5க்குத்தான். இன்ஜின் முன்னால், இழுப்பது பின் சக்கரம். அதைவிட முக்கியம், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒரு நீளமான அலுமினியச் சட்டம் இணைத்து வைத்திருக்கிறது. பவர் பிளான்ட் ஃப்ரேம் என்பார்கள். இன்ஜினிலிருந்து டிஃபரன்ஷியல் வரை எல்லாம் ஒரே கோவையாக நிற்பதால், பாடியை மேலே தூக்கிவிட்டால் எலும்புக்கூடு போல அப்படியே சக்கரத்தில் நிற்கும். ஸ்டூவர்ட் மில்ஸ் எக்ஸோசெட்டை வடிவமைத்தது இந்த அமைப்பை நம்பித்தான். புதுச் சேஸை மேலிருந்து அதன்மேல் இறக்கினால் போதும்.

இங்கே மழையும் சாலையில் போடும் உப்பும் சேர்ந்து, பின் சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே இருக்கும் சில் என்ற பாடி விளிம்பைத் தின்றுவிடும். எம்ஓடி (வருடாந்தரத் தகுதிச் சோதனை) தேறாமல் விலை விழுந்த கார் நிறையக் கிடைக்கும். பாடி நமக்கு வேண்டாம், அதனால் அந்தத் துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சப்ஃப்ரேமிலும் (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டம்) சஸ்பென்ஷன் ஆர்ம்களிலும் இருக்கும் துருதான் கவலை. டார்ச்சோடு கீழே படுத்து, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்.

ஓடாத காரை வாங்காதீர்கள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஓடும் காரைக் கழற்றினால், பின்னால் ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் அது நாம் பூட்டியதில் வந்த தவறு என்று தெரியும். ஓடாத காரில் பழுது பழையதா புதியதா என்று கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். வாங்கிய பிறகும் ஒரு வாரம் ஓட்டுங்கள். காலைக் குளிரில் இரண்டாவது கியர் எப்படி விழுகிறது, வெப்பமானி எங்கே நிற்கிறது, ஹார்ன், வைப்பர், ஒவ்வொரு விளக்கு, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.

2. காகிதம்

வி5சி (வண்டியின் பதிவுச் சான்று) இல்லாத டோனரைத் தொடவே தொடாதீர்கள். வாங்கிய அன்றே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், ரோட்டை விட்டு எடுத்ததும் சோர்ன் (வண்டி ரோட்டில் இல்லை என்ற அறிவிப்பு) கொடுங்கள். கட்டி முடித்த கார் ஐவிஏ என்ற தனி வாகன அங்கீகாரச் சோதனையில் தேற வேண்டும், பிறகுதான் டிவிஎல்ஏவில் (வாகனப் பதிவு அலுவலகம்) பதிவு. கிட் தயாரிப்பாளரின் புதுச் சேஸோடு, டோனரின் முக்கியப் பாகங்களில் குறைந்தது இரண்டு சேர்ந்திருந்தால் டோனரின் வயதுக்கேற்ற பதிவெண் கேட்கலாம். அதைக் காட்ட வி5சி, ரசீதுகள், படங்கள் எல்லாம் வேண்டும். ஸ்பேனர் வைப்பதற்கு முன்பே சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புகைச் சோதனையின் அளவுகூட இன்ஜினின் வயதைப் பொறுத்ததுதான், அதற்கும் சான்று கேட்பார்கள்.

3. கருவிகள்

எம்எக்ஸ்-5இல் பெரும்பாலும் 10, 12, 14, 17 மில்லிமீட்டர்தான். ஆறு முனை சாக்கெட் மட்டும் வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த போல்ட்டின் தலையை உருட்டிவிடும். பிரேக் பைப்புக்கு ஃப்ளேர் நட் ஸ்பேனர் கட்டாயம். பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் கழற்ற மட்டும், பூட்டுவதற்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்). இதில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை.

சஸ்பென்ஷனின் கீழ் ஆர்ம்களில் சக்கர அலைன்மென்ட் சரிசெய்யும் நீளப் போல்ட்கள் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். கழற்றத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வாருங்கள். கார் சக்கரத்தில் நிற்கும்போதே அவை திரும்புகின்றனவா என்று பார்த்துவிடுங்கள், புதுச் சேஸ் பூட்டிய பிறகு அறுப்பது பெரிய வேலை.

4. கழற்றுவது, குறிப்பது

வரிசை எளிது. ஃப்யூயல் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு இன்ஜினைத் தானாக அணையும் வரை ஓடவிட்டால் பெட்ரோல் லைனில் அழுத்தம் குறையும். அப்புறம் பேட்டரி (இந்தக் காரில் டிக்கிக்குள் இருக்கும்). ஏர்பேக் இருந்தால் பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங் பக்கம் போக வேண்டும். ஏசி இருந்தால் வாயுவை உரிமம் உள்ளவர்தான் இறக்க வேண்டும், சட்டமே அப்படித்தான். பிறகு சீட், கார்பெட், டாஷ்போர்டு, பம்பர்.

1957இல் வந்த லோட்டஸ் செவனை கிட்டாக வாங்கினால் வரி மிச்சம், ஆனால் கூடவே பூட்டும் குறிப்பு கொடுக்கக்கூடாது என்று விதி. லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் கழற்றும் குறிப்பு எழுதிக் கொடுத்தார், வாங்கியவர்கள் அதைக் கடைசியிலிருந்து படித்தார்கள் என்று சொல்வார்கள். நீங்களும் அதேபோல் ஒன்று எழுதுங்கள். ஒவ்வொரு நாள் வேலைக்கும் ஒரு பக்கம்: எதைக் கழற்றினேன், அதற்கு முன் எது வர வேண்டியிருந்தது, எந்தப் போல்ட் நீளம், எது குட்டை. ஆறு மாதம் கழித்து அதுதான் உங்கள் கையேடு.

போல்ட்களை ஜிப் பையில் போட்டு, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். பையின் மேல் எழுதினால் எண்ணெய்க் கையில் அழிந்துவிடும். முடிந்தவரை போல்ட்டை அது வந்த ஓட்டையிலேயே இரண்டு சுற்று திருப்பி விட்டுவிடுவது இன்னும் நல்லது.

வயரிங் ஹார்னஸில் ஒரு வயரைக்கூட வெட்டாதீர்கள். ஒவ்வொரு இணைப்பையும் பிரிக்கும்போது இரண்டு முனையிலும் ஒரே எண்ணை டேப்பில் ஒட்டுங்கள். மாஸ்கிங் டேப் காய்ந்து உதிர்ந்துவிடும், துணி டேப்தான் நிற்கும்.

நான் மாட்டிக்கொண்டது எர்த்தில். பிளக்குகளுக்கெல்லாம் எண் ஒட்டினேன், ஆனால் பாடியில் ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட்டில் கொத்தாகத் தொங்கிய கறுப்பு வயர்களை ‘இது சும்மா எர்த்தானே’ என்று குறிக்காமல் கழற்றிவிட்டேன். பிறகு முதன்முறை சாவியைத் திருப்பியபோது டக் என்று ஒரு சத்தம், டாஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கியது, அவ்வளவுதான். பேட்டரி மாற்றினேன், ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தேன், இரண்டு வார இறுதி போனது. கடைசியில் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். கிட்டத்தட்ட ஒன்றும் காட்டக்கூடாத இடத்தில் 9 வோல்ட் காட்டியது. பழைய பாடியில் இரும்பு முழுக்க எர்த். புதுச் சேஸோ பவுடர் கோட்டிங் பூசியது, அது மின்சாரத்தை விடாது. நான் எர்த் வயரைப் பளபளப்பான பூச்சின்மேல் அழகாகப் பூட்டி வைத்திருந்தேன். போல்ட்டைச் சுற்றி ஒரு பத்து பைசா அகலத்துக்குப் பூச்சைச் சுரண்டி, வெள்ளி நிறத்தில் இரும்பு தெரிந்ததும் திரும்பப் பூட்டி, மேலே கிரீஸ் தடவினேன். அடுத்த திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அதனால் எர்த் புள்ளிகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். எந்த இடம், எத்தனை வயர், படம். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டை தனியாக ஒரு வரி.

5. பாடியைத் தூக்குவது

சப்ஃப்ரேம்களுக்கும் பவர் பிளான்ட் ஃப்ரேமுக்கும் அடியில் மரக்கட்டையோ சக்கரப் பலகையோ கொடுத்துத் தாங்குங்கள். ஸ்டியரிங் இணைப்பு, ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் மற்றும் கிளட்ச் பைப், பெட்ரோல் லைன், ஹீட்டர் குழாய், ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் லீவர், ஷாக் அப்சார்பரின் மேல் நட்கள், கடைசியாக சப்ஃப்ரேம் போல்ட்கள். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். முதலில் ஒரு அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டுச் சுற்றி வந்து பாருங்கள். எங்களுக்கு ஒரு பிரேக் பைப் இன்னும் பாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவசரப்பட்டிருந்தால் பிய்ந்திருக்கும்.

பழைய பாடியை அங்கீகரிக்கப்பட்ட உடைப்பகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே பேசும்போது, கொடுப்பது வெறும் பாடிதான், வி5சி பதிவுக்கு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். கதவு, பூட்டு, ஹூட், ஹெட்லைட் மூடியெல்லாம் அதற்கு முன்பே கழற்றி விற்றுவிடலாம், நல்ல விலை போகும். ஸ்டியரிங் காலமை மட்டும் சாவிப் பூட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஐவிஏவில் திருட்டுத் தடுப்பும் பார்ப்பார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 வாங்கிய தம்பி ஒருவர், சாவிக்குள் சிப் இருக்கிறதே என்ன செய்வது என்று கேட்டார். என் காரில் அது இல்லாததால் எழுத விட்டுப்போனது. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினைப் பிடிக்க விடாத திருட்டுத் தடுப்பு) உள்ள கார் என்றால் சாவி, சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையம், இம்மொபிலைசர் பெட்டி, இசியு (இன்ஜினின் கணினி) எல்லாம் ஒரே காரிலிருந்து வந்த செட்டாக இருக்க வேண்டும். ஒன்றைத் தொலைத்தாலும் இன்ஜின் பிடிக்காது. வாங்கும்போதே இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்குங்கள், நான்கையும் ஒரே பெட்டியில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள், ஈரக் கராஜில் வேண்டாம்.