பெரியவர்களுக்குப் பழைய மொழி சொல்லித்தருகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

லத்தீனோ, பண்டைய எகிப்திய மொழியோ, சமஸ்கிருதமோ, சங்கத் தமிழோ, ஆன்லைன் வகுப்பு என்று ஆரம்பித்தால் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. முதல் வாரம் கூட்டம் இருக்கும், வேற்றுமை அட்டவணைகள் வந்ததும் ஆட்கள் மெல்லக் கழன்றுகொள்வார்கள். 'வயதாகிவிட்டால் மனப்பாடம் ஏறாது' என்று சொல்லித்தருபவர்கள் காரணம் சொல்வார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவில் வந்து உட்காருகிற ஆளுக்கு இதில் மதிப்பெண்ணும் இல்லை, சம்பள உயர்வும் இல்லை. இரண்டாயிரம் மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதியதை இடையில் ஆள் இல்லாமல் தானே படிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் வருகிறார். அந்த எழுத்தையே மாதக்கணக்கில் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தால் அவர் ஏன் நிற்கப் போகிறார்?

ஆக, முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: இலக்கணம் முழுவதும் முடிந்த பிறகுதான் உண்மையான மூலம் என்று தள்ளிப்போடுவது. பள்ளி மாணவனை ஐந்து வருடம் கட்டிவைக்கலாம், அவனுக்கு வேறு வழியில்லை. பெரியவருக்கு முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு நிஜக் கல்வெட்டு கையில் கிடைக்க வேண்டும். அதற்கு ஹோமர், வர்ஜில் எழுதிய காவியங்கள் தேவையில்லை, ரோமானியக் கல்லறைக் கல் போதும். மேலே 'டி எம்' என்று இரண்டு எழுத்து, அதாவது 'திஸ் மானிபுஸ்', இறந்தோரின் ஆவிகளுக்கு. அடுத்து ஒரு பெயர், பிறகு 'விக்ஸிட் ஆன்னிஸ்' என்று எத்தனை வயது வாழ்ந்தார் என்பது, கடைசியில் பெரும்பாலும் கல்லை வைத்தவர் மனைவியா மகனா விடுதலை பெற்ற அடிமையா என்ற தகவல். இதே சட்டகத்தில் ஆயிரக்கணக்கான கற்கள் இருக்கின்றன, ரோமானிய எண்களோ ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்தவை. நான்கு கல் படித்ததும் அவரே கேட்பார், ஒரு கல்லில் பெயரின் கடைசி ஒரு மாதிரி முடிகிறது, இன்னொன்றில் வேறு மாதிரி முடிகிறதே, ஏன் என்று. அட்டவணையை எடுக்க வேண்டிய நேரம் அதுதான். கேள்வி வந்த பிறகு கொடுத்த அட்டவணையை யாரும் சுமையாக நினைப்பதில்லை.

எகிப்திய மொழிக்கும் இதே வழி உண்டு. 'ஹெதெப் தி நேசு' என்று தொடங்கும் படையல் வாய்பாடு எண்ணற்ற நினைவுக் கற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் அமைப்பு பிடிபட்டுவிட்டால் அருங்காட்சியகத்தில் பல கற்களுக்கு முன்னால் நின்று தடவித் தடவியாவது படிக்கலாம்.

இதற்கு நேர் எதிராக, எளிமை என்ற பேரில் செய்கிற ஒரு தவறும் இருக்கிறது. 'உங்கள் பெயரைச் சித்திர எழுத்தில் எழுதுங்கள்' என்று ஒரு முதல் பாடம். ஜாலியாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பயன்படுவது ஒற்றை மெய்யொலி காட்டும் சுமார் இருபத்து நான்கு குறிகள் மட்டுமே. எகிப்திய மொழி அறிஞர் ஆலன் கார்டினர் தொகுத்த குறிப் பட்டியலில் எழுநூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் பல இரண்டு மூன்று மெய்களைச் சேர்த்துக் குறிப்பவை, பல உச்சரிக்கவே படாமல், வருகிற சொல் மனிதனா விலங்கா ஊரா என்று வகையை மட்டும் காட்டிவிட்டுப் போகிறவை. ஆக முதல் நாளே 'இது ஏபிசிடி மாதிரி ஒன்று' என்ற எண்ணத்தை நட்டுவிட்டு, அடுத்த மாதம் முழுக்க அதைப் பிடுங்கிக்கொண்டிருப்பீர்கள். எளிமையாகச் சொல்லலாம், பின்னால் திரும்பப் பெற வேண்டிய பொய்யைச் சொல்லக் கூடாது. எல்லாக் குறிகளையும் கொட்டவும் வேண்டாம், படிக்கிற கல்லில் வருவதை மட்டும் கொடுத்தால் போதும்.

அப்புறம் இந்த ராஜா, கடவுள், போர் மோகம். பெரியவர்கள் வீட்டு வாடகை கட்டியவர்கள், கடன் கொடுத்து ஏமாந்தவர்கள், மேலதிகாரியிடம் லீவு கேட்டவர்கள். அவர்களுக்குச் சுமார் கி.மு. 1750-ல் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) நன்னி என்பவர் ஏஆ-நாசிர் என்ற செம்பு வணிகருக்கு எழுதிய களிமண் பலகையைக் காட்டுங்கள். சொன்ன தரத்தில் சரக்கு தரவில்லை, பணத்துக்கு அனுப்பிய என் ஆளையும் அவமதித்து அனுப்பினாய் என்று வறுத்தெடுத்திருக்கிறார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கேயே எகிப்திய அரசன் இரண்டாம் ராமேசஸ் காலத்து வருகைப் பதிவேடு ஒன்றும் உண்டு, அரசக் கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர்கள் எந்த நாளில் ஏன் வரவில்லை என்று எழுதிவைத்தது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது, ஒருவர் பீர் காய்ச்சப் போய்விட்டார். பிரிட்டனில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் கிடைத்த மெல்லிய மரப்பலகைகளில், சுமார் கி.பி. 100-ல் கிளாடியா செவேரா தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைத்த கடிதம் வேறு இருக்கிறது. முடிவில் சில வரிகள் அவர் கையெழுத்திலேயே. இவற்றைப் படித்துவிட்டால் பண்பாடு என்று தனியாக ஸ்லைடு போட்டு விளக்க வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும்.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று காப்புரிமை முடிந்த பழைய புத்தகங்களின் பிடிஎஃப்களைக் குவித்து ஒரு ஃபோல்டரில் போட்டு 'படியுங்கள்' என்று விடுவது இன்னொரு தவறு. நூறு வருடத்துக்கு முந்தைய ஆய்வாளர் வாலிஸ் பட்ஜ் எழுதிய எகிப்தியப் புத்தகங்கள் இணையமெங்கும் கிடக்கின்றன, மலிவு மறுபதிப்புகளும் நிறைய. துறையில் இருப்பவர்கள் தொடக்கநிலையாளரிடம் 'அதைத் தொடாதே' என்றுதான் சொல்வார்கள், ஒலிபெயர்ப்பும் இலக்கணமும் அவ்வளவு காலாவதியாகிவிட்டன. புதியவருக்கு இது எப்படித் தெரியும்? இலவசத்திலேயே நல்லதும் இருக்கிறது. கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் இணைய நூலகத்தில் மூலத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் அதன் இலக்கண வடிவம் வந்துவிடும். தமிழுக்கு 1998 முதல் மதுரைத் திட்டம் என்ற இலவச இணைய நூல் தொகுப்பு இருக்கிறது. ஆனால் சங்கப் பாட்டைச் சீர் பிரித்த வடிவில் மட்டும் புதியவர் முன்னால் வைக்காதீர்கள். 'யாரா கியரோ' என்று பார்த்ததும் தமிழ் தெரிந்தவரே ஒரு கணம் திகைப்பார். பக்கத்தில் 'யார் ஆகியரோ' என்று பிரித்து வைத்தால் சிக்கல் தீர்ந்தது. இப்படிப் பிரித்தால் பாட்டின் ஓசை போய்விடும் என்று வாதாடுபவர்களுக்குப் பதில், இரண்டையும் வையுங்கள் என்பதே.

தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுவதையும் பெரியவர்கள் சீக்கிரம் மோப்பம் பிடித்துவிடுவார்கள். எகிப்தியர்கள் உயிரொலிகளை எழுதவில்லை. 'நெஃபர்' என்று நாம் சொல்வதில் உள்ள எகரமும் அகரமும் வசதிக்காகப் போட்டுக்கொண்டவை. இதை முதல் வகுப்பிலேயே ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு மேலே போகலாம். லத்தீன் உச்சரிப்பில் பழைய ரோமானிய முறையா, திருச்சபை முறையா என்று அரை மணி நேரம் சண்டை போடவும் வேண்டாம், ஒன்றைத் தேர்ந்தெடுத்து இன்னொன்றும் இருக்கிறது என்று சொன்னால் சரி. சிந்துவெளிக் குறிகளும் பண்டைய கிரீட் தீவின் லீனியர் ஏ எழுத்தும் இன்னும் படிக்கப்படவில்லை என்பதைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள், அதில் ஆர்வம் கூடுமே ஒழியக் குறையாது. சாட்பாட்டிடம் சுமேரிய வரியைக் கொடுத்து மொழிபெயர்ப்பு கேட்கிறவர்கள் இப்போது நிறைய. அது தப்பையும் அதே நம்பிக்கையான தொனியில் சொல்லும், பதிப்பித்த மொழிபெயர்ப்போடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம் என்று எச்சரித்துவிடுங்கள்.

'மர்மமாக மறைந்துபோன மாயா மக்கள்' என்கிற மாதிரி தலைப்பு வைப்பதும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. மாயா மொழிகளை இன்றும் பல லட்சம் பேர் மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் பேசுகிறார்கள். 1952-ல் சோவியத் ஆய்வாளர் யூரி க்னோரசோவ் மாயா எழுத்தின் ஒலிக்கூறுகளுக்கு வழி திறந்ததே, அந்த எழுத்துக்குப் பின்னால் உயிரோடிருக்கும் மொழிகள் இருந்ததால்தான் பலன் கொடுத்தது. (அதே வருடம்தான் மைக்கேல் வென்ட்ரிஸ் பண்டைய கிரேக்கத்தின் லீனியர் பி எழுத்தைப் படித்தார், என்ன ஒரு வருடம்!) படிக்க வருபவர்களிலேயே அந்தப் பண்பாட்டின் வாரிசு ஒருவர் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு எழுதினால் தொனி தானாகச் சரியாகிவிடும்.

மீதி எல்லாம் சில்லறை விஷயங்கள், ஆனால் ஆட்களை விரட்டுவதில் இவையும் சளைத்தவை அல்ல. ஆப்பெழுத்து (களிமண் பலகைகளில் ஆப்பு வடிவில் பதித்த மெசபடோமிய எழுத்து) கணினி எழுத்துகளின் பொதுத் தரமான யூனிகோடுக்கு 2006-லும் எகிப்தியச் சித்திர எழுத்து 2009-லும் வந்துவிட்டன என்றாலும் பல போன்களில் இன்னும் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும், அதனால் முக்கியமான வரிகளைப் படமாகவும் போடுங்கள். நேரலையைப் பதிவு செய்யுங்கள், ஆனால் ஒன்றரை மணி நேர வீடியோவைப் பின்னால் வந்து பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், பத்துப் பத்து நிமிடமாக வெட்டிக் கொடுங்கள். பிளாஷ் கார்டு நல்லதுதான், தனிச் சொல்லாக இல்லாமல் அது வந்த வரியோடு போட்டால். எல்லாவற்றையும் விட, இரண்டு வாரம் தவறவிட்டவர் திரும்பி நுழைய ஒரு வாசல் வையுங்கள்: மாதத்தில் ஒரு வகுப்பில் புதுப் பாடமே எடுக்காமல், முன்பு பார்த்திராத ஒரு சின்னக் கல்வெட்டை எல்லோரும் சேர்ந்து படிப்பது. விட்டுப்போனதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்க வேண்டாம், எந்தச் சொல்லில் மாட்டுகிறாரோ அங்கே உதவினால் போதும்.