கோகோ தோட்டத்தில் பூச்சி எண்ணுவது எப்படி

கறுத்த காய் தொங்குகிற மரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் 'தாக்குதல் அதிகம்' என்று சொன்னால் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. எந்த வரிசை, அதில் எத்தனையாவது மரம் என்பதைத் தோட்டத்துக்குள் நுழையும் முன்பே முடிவு செய்யுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் தொடங்கும் இடத்தை மாற்றுங்கள்.

காயிலும் தளிரிலும் சாறு உறிஞ்சும் மிரிட் பூச்சிகள் (ஆசியாவில் தேயிலைக் கொசு, மேற்கு ஆப்பிரிக்காவில் அதன் உறவினர்கள்) தோட்டம் முழுக்கச் சீராகப் பரவுவதில்லை. கிளைக்கூரை உடைந்து வெயில் விழும் இடங்களில் கூட்டமாக இருக்கும், பக்கத்து மரத்தில் ஒன்றுகூட இருக்காது. அதனால் பத்து மரத்தை அலசி ஆராய்வதைவிட ஐம்பது மரத்தில் தலா நாலைந்து காய் பார்ப்பதுதான் என் கணக்கில் மேல். பூச்சியே இல்லாத மரத்துக்கும் பூஜ்யம் போடுங்கள். அதை விட்டால் சராசரி பொய்யாக ஏறும்.

காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் இவை ஒளிந்துகொள்ளும். காயைச் சட்டென்று திருப்பாமல் காம்பையும் இரண்டு காய்கள் ஒட்டும் இடத்தையும் முதலில் பாருங்கள், குஞ்சுகள் அங்கேதான் பதுங்கும். ஈரமாகத் தெரியும் புள்ளி புதுக் காயம், காய்ந்து கறுத்தது பழசு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் போன மாதத்துக் கதையைத்தான் இந்த மாதமும் படிப்பீர்கள்!

கைக்கு எட்டும் உயரத்தில் மட்டும் பார்ப்பதால் மேலே இருப்பது கணக்கில் வராது. எவ்வளவு தவறுகிறது என்று தெரிய வேண்டுமானால், சில மரங்களின் அடியில் துணி விரித்து, அதிகாலையில் பைரெத்ரம் என்ற பூச்சிமருந்தை அடித்து, சில மணி நேரம் கழித்து விழுந்தவற்றை எண்ணலாம். நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து சாகும் என்பதால் இதை அடிக்கடி செய்ய வேண்டாம்.

மாவுப்பூச்சிக்கு எண்ணிக்கை வீண் வேலை. எறும்பு ஏறும் காம்புகளைப் பார்த்து, உண்டு அல்லது இல்லை என்று குறித்தால் போதும்.

தென்கிழக்கு ஆசியாவைப் படுத்தும் காய்த்துளைப்பான் வேறு ரகம், புழு காய்க்குள் இருப்பதால் வெளிப்பார்வை போதாது. அறுவடைக் குவியலைத் தரம் பிரிப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல் காய்களை எடுத்து வெட்டி, விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டவற்றை எண்ணுங்கள். இனக்கவர்ச்சிப் பொறியில் (பெண் பூச்சியின் வாசனையை வைத்து இழுப்பது) விழுவது இந்தப் புழுவின் ஆண் அந்துப்பூச்சி மட்டுமே, அந்தப் பொறி பூச்சி நடமாட்டம் எப்போது கூடுகிறது என்பதைத்தான் சொல்லும், எத்தனை காய் போனது என்பதை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.