சுண்டெலி மூளைப் பகுதிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளைப் பகுதிகளை வெட்டி எடுத்து, அவற்றின் ஆர்.என்.ஏ.வை அளந்து, எந்த மரபணு எந்தப் பகுதியில் அதிகம் இயங்குகிறது என்று பட்டியலிடும் வேலையைப் பற்றியது இது. ஆர்.என்.ஏ. சிதையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழாய்களில் பெயர் எழுதுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. நாங்கள் அன்றைக்குச் செய்த கோளாறுகளையே புதியவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அவற்றைப் பற்றி மட்டும்.

பட்டியலின் உச்சியில் டிடிஆர் வந்தால் கொண்டாடாதீர்கள்

டிடிஆர் என்பது தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் டிரான்ஸ்தைரெட்டின் புரதத்தின் மரபணு. மூளையின் மேற்பட்டையான கார்டெக்ஸைவிட, நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸில் அது பல மடங்கு அதிகம் என்று கண்ட ஒரு மாணவர், நினைவாற்றலுக்கும் தைராய்டுக்கும் முடிச்சுப் போட்டு ஸ்லைடுகளே தயாரித்துவிட்டார். அந்தப் புரதத்தைக் கண்டறியும் ஆன்டிபாடிக்கும் ஆர்டர் போயிருந்தது. பட்டியலில் அடுத்த பெயர்களைப் படிக்கச் சொன்னேன்: கேசிஎன்இ2, கிளிக்6, எஃப்ஓஎல்ஆர்1. எல்லாமே கோராய்டு பிளெக்சஸ் என்ற வேறொரு திசுவின் ஆட்கள்!

மூளைத் தண்டுவட நீரைச் சுரக்கும் அந்தத் திசு, பக்க வென்ட்ரிக்கிள் என்ற மூளைக் குழிக்குள் ஹிப்போகாம்பஸை ஒட்டியே கிடக்கிறது. வெட்டி எடுக்கும்போது சிவந்த நூல் மாதிரி ஒரு துணுக்கு கூடவே வரும். ரத்தம்தானே என்று விட்டுவிடுவார்கள். அந்தச் செல்களில் டிடிஆர் கொட்டிக் கிடப்பதால் கடுகளவு துணுக்கே கணக்கைக் கெடுத்துவிடும். இதை மூளைப் பகுதியின் குணமாகவே எழுதிய கட்டுரைகளும் அச்சேறியிருக்கின்றன என்பதுதான் எரிச்சல்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரே பகுதியின் சாம்பிள்களுக்குள்ளேயே டிடிஆர் தாறுமாறாக ஏறி இறங்கும். கேசிஎன்இ2வும் அதே சாம்பிள்களில் கூடவே ஏறும். எந்த மரபணு மூளையில் எங்கே இயங்குகிறது என்று படம் காட்டும் இணையத் தொகுப்பான ஆலன் மூளை அட்லஸில் டிடிஆரைத் தேடிப் பாருங்கள்: வென்ட்ரிக்கிளுக்குள் கருத்த கீற்றாகத் தெரியும். ஐந்து நிமிஷ வேலை. அதேபோல ஹைப்போதாலமஸ் பகுதியில் வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களின் மரபணுக்கள் எகிறினால், அவற்றைச் சுரக்கும், அடியில் ஒட்டியிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் துணுக்கை முதலில் சந்தேகியுங்கள்.

ஒரே எலியின் துண்டுகள் தனித்தனி எலிகள் அல்ல

மரபணு அளவுகளை ஒப்பிடும் டீசெக்2 மென்பொருளில் பகுதியை மட்டும் கொடுத்தால் போதாது. எது எந்த எலி என்பதையும் புள்ளியியல் மாடலில் சேருங்கள்.

திங்கள் கார்டெக்ஸ், செவ்வாய் சிறுமூளை

இப்படிப் பிரித்து எடுத்தால், தெரிவது பகுதியின் வித்தியாசமா, நாளின் வித்தியாசமா என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. நேரமும் அப்படித்தான்: பெர்2, டிபிபி போன்ற மரபணுக்கள் கடிகாரத்தோடு ஏறி இறங்குபவை. ஒவ்வொரு நாளும் எல்லாப் பகுதிகளையும் கலந்து எடுங்கள்.

சிறுமூளையில் எல்லாமே வித்தியாசம்தான்

சுண்டெலி மூளையின் நியூரான்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கின்றன, பெரும்பாலும் கிரான்யூல் செல்கள் என்ற குட்டி நியூரான்கள். அரைத்த திசுவில் ஒரு மரபணு கூடியிருந்தால் அது செல்லுக்குள் கூடியதா, அந்த வகைச் செல்லே கூடுதலா என்று பிரித்துப் பார்க்காமல் 'ஒழுங்குமுறை மாற்றம்' என்று எழுதாதீர்கள்.

எக்செல்

பழைய அட்டவணையில் உள்ள செப்ட்2 என்ற மரபணுப் பெயரைச் செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். அதில் திறக்கவே வேண்டாம்.