"எனக்கு அரபி வராது" என்னும் மாணவருக்கு நம்பிக்கை ஊட்டுவது எப்படி

"முயன்றால் முடியும்" என்ற பதில் இவருக்கு உதவாது. எந்த இடத்தில் மாட்டிக்கொண்டார் என்று பாருங்கள். தன் திறன் மீதான நம்பிக்கைக்கு முதன்மையான ஊற்று, ஒன்றைத் தானே செய்து முடித்த அனுபவம்தான் என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா (1977). பிறர் சொல்லும் ஊக்கம் அதைவிட வலு குறைந்ததுதான்.

பலர் எழுத்திலேயே தடுமாறுகிறார்கள். 28 எழுத்துகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்தவர், சொல்லுக்குள் அவை உருமாறி நிற்பதைப் பார்த்ததும் திகைத்து, தனக்குத்தான் மூளை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். எனவே அட்டவணையை ஒதுக்கிவிட்டு, முதல் வகுப்பில் பா, அலிஃப் இரண்டை மட்டும் எடுங்கள். பா, அலிஃப், பா சேர்ந்தால் 'பாப்', அதாவது கதவு. முதல் பா அலிஃபோடு ஒட்டும். அலிஃப் அடுத்த எழுத்தோடு ஒட்டாது என்பதால் கடைசி பா தனியே நிற்கும். இரண்டே எழுத்தில் ஒரு முழுச் சொல்லை வாசித்தாயிற்று! இப்படி அடுத்ததோடு ஒட்டாதவை மொத்தம் ஆறுதான்.

குர்ஆன் ஓதத் தெரிந்தும் பொருள் தெரியாதவர்கள் தங்களைச் சுழியமாக நினைத்துக்கொள்வது வருத்தமான விஷயம். கிதாப், கலம் (எழுதுகோல்), ஸலாம், யவ்ம் (நாள்) என்று அவர்களுக்கு ஏற்கெனவே பழகிய சொற்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். பிறகு 'கிதாப்' புத்தகம் என்றால் அதே காஃப்-தா-பா வேரில் பிறந்த 'காதிப்', 'மக்தபா' என்னவாக இருக்கும் என்று ஊகிக்க விடுங்கள். எழுத்தர், நூலகம் என்ற விடைகளை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

நன்றாகப் படிப்பவரும் உடையும் இடம், ஹரகத் குறிகளை (குறில் உயிரொலிகளைக் காட்டும் அடையாளங்களை) ஒரேயடியாக நீக்கும்போது. குறியில்லாத காஃப்-தா-பா, 'கதப' (எழுதினான்) ஆகலாம், 'குதுப்' (புத்தகங்கள்) ஆகலாம். குறியோடு சரளமாக வாசித்த அதே பத்தியில் முதலில் தெரிந்த சொற்களின் குறிகளை மட்டும் நீக்குங்கள், மறுவாரம் மீதியை. புதுப் பத்தி வேண்டாம்.

தொண்டையிலிருந்து ஒலிக்கும் ஐன், ஹா எழுத்துகளின் உச்சரிப்பை வாசிக்கும்போதே நிறுத்தித் திருத்தினால் வாயை மூடிக்கொள்வார்கள். முடிக்க விட்டு, ஒரே ஓர் ஒலியை மட்டும் தனியே திருத்துங்கள். பாராட்டும்போதும் "கெட்டிக்காரன்" என்பதைவிட "இன்று ஐன் தொண்டையிலிருந்து வந்தது" என்பதே மேல். எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அதில்தான் தெரிகிறது.

மாதத் தொடக்கத்தில் ஐந்து வரிகளை வாசிக்கச் சொல்லி அலைபேசியில் பதிவுசெய்யுங்கள். மாத இறுதியில் அதே வரிகளை மீண்டும் பதிந்து, இரண்டையும் மாணவர் மட்டும் கேட்கக் கொடுங்கள். வகுப்பில் ஒலிபரப்ப வேண்டாம்.